தகவலாளியா, பாட்டுக் கட்டுனவளா?

கண்டுபிடிப்பு என்கிற சொல்லைக் கேட்டால் நாம் கொஞ்சம் உசாராக வேண்டும். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அங்கே ஏற்கனவே குடியிருந்த சனத்துக்கு அது நிலம் பறிபோகத் தொடங்கிய நாள். இப்போது பாட்டு விசயத்திலும் அதே சொல் புழங்குகிறது. சினிமாவுக்கு வெளியே, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிறவர்களை ‘இன்டி ஃபோக்’, ‘அகூஸ்டிக்’ என்கிறார்கள். அந்தப் புதிய குரல்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் செல்போனில் பட்டியல்கள் இருக்கின்றன. இருக்கட்டும். யார் யாரைக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்த பிறகு பாட்டு யாருடையதாகிறது என்பதுதான் நம் கேள்வி.

அகூஸ்டிக் என்றால் என்ன? கரண்டு இல்லாமல் தோலும் நரம்பும் மரமும் தருகிற சத்தம். அப்படிப் பார்த்தால் வைக்கோலைக் கொளுத்தி, அனல் காட்டி, பதம் ஏற்றி அடிக்கிற பறையைவிட எது அகூஸ்டிக்? தானே எழுதித் தானே பாடுகிறவர் என்றால் யார்? கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எந்தச் சேரிக்கு வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். இதற்கு ஒரு சொல் ரொம்ப நாளாக இருக்கிறது: ‘பாட்டுக் கட்டுறது’. நடவு வயலில் கட்டுவார்கள், கரும்பு வெட்டும்போது கட்டுவார்கள், சாவு வீட்டில் கட்டுவார்கள். ஒப்பாரி வைக்கிறவள் மனப்பாடம் ஒப்பிப்பதில்லை. செத்தவன் என்ன வேலை செய்தான், எந்தப் பிள்ளை படிக்கிறது, எவனுக்குக் கடன், எவன் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொல் எடுத்து மெட்டில் வைக்கிறாள். இதைச் செய்கிறவளுக்கு வெளியுலகம் கொடுத்திருக்கிற பெயர் ‘தகவலாளி’.

இந்தத் தகவலாளி கதையை நான் சொல்ல வேண்டும். எங்க ஆயா நடவுக்குப் போனால் ஆயாதான் முதல் குரல். கூலி நெல்லை அளக்கும்போது மரக்காலில் கை வைத்த ஒரு நிலக்காரன் மேல் அவள் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். அவன் பேர், அவன் அப்பன் பேர், மரக்காலை அவன் எப்படிச் சாய்த்துப் பிடிப்பான் என்பது வரைக்கும் அதில் இருக்கும். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு கல்லூரிக்காரர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். ஆயாவுக்கு அறுபது வயசு. அவர் “நீ பாடு” என்றார். ஆயா அவரை “சாமி” என்றாள். “என்னாத்துக்கு சாமி இத எழுதற, இது நான் கட்டுனதுதான, வேணுன்னா இன்னொன்னு கட்டித் தரேன்” என்றும் சொன்னாள். ரொம்ப வருசம் கழித்து நூலகத்தில் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. அட்டையில் தொகுப்பாசிரியர் பேர். உள்ளே தொழிற்பாடல் என்ற பகுதியில் ஆயாவின் பாட்டு. கடைசிப் பக்கத்தில் தகவலாளி: பேர், வயது, கல்வி இல்லை, கூலி, சாதி. நிலக்காரன் பேர் இருந்த இடத்தில் புள்ளிகள். ஆயாவின் சாதியை அச்சடிக்க முடிந்தவர்களுக்கு அந்த நிலக்காரன் பேரை அச்சடிக்க முடியவில்லை. பாட்டே அந்தப் பேருக்காகத்தான் கட்டினது.

‘நாட்டுப்புறப் பாடல்’ என்கிற சொல் இங்கேதான் வேலை செய்கிறது. ஆசிரியர் பேர் தெரியாதது, வாய்மொழியாக வந்தது, சமூகத்துக்கே பொதுவானது என்று பாடப்புத்தகம் இலக்கணம் சொல்கிறது. கட்டினவள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பேர் தெரியாதவள் ஆகிவிடுகிறாள். இந்தியச் சட்டத்தில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஆயுள் முழுக்கவும், செத்த பிறகு 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. தன் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் ராயல்டி பெறும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி 2012இல் திருத்தமும் வந்தது. சினிமாக் கவிஞர்களுக்கு இது பெரிய வெற்றி. ஆயாவுக்கு என்ன? ‘பாரம்பரியம்’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், உரிமை கேட்க ஆளே இல்லை. புறம்போக்கு என்று எழுதி நம் குடிசையைக் கலைக்கிற அதே கணக்கு.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் எலிசபெத் காட்டன் என்கிற கறுப்பினப் பெண் சின்ன வயசிலேயே ‘ஃப்ரைட் ட்ரெய்ன்’ என்று ஒரு பாட்டுக் கட்டினார். இடதுகைக்காரர், வலதுகைக்காரர்களின் கிடாரைத் தலைகீழாகப் பிடித்துத் தனக்கென ஒரு வாசிப்பையே உண்டாக்கியவர். பிற்பாடு சீகர் என்கிற வெள்ளை இசைக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பெண் பெக்கி சீகர் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பாட, அங்கே இரண்டு பேர் அதைத் தாங்கள் எழுதியதாகப் பதிவு செய்துகொண்டார்கள். 1957இல் அது அங்கே பெரிய வெற்றி. வீட்டு வேலைக்காரியின் பேர் அதில் இல்லை. பிறகு போராடித்தான் பேர் திரும்பி வந்தது. இன்றைக்குக் கிடாரோடு பாடுகிற பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் விரல் நடை ஒன்றுக்குக் ‘காட்டன்’ என்றே பேர். கிடார் மேல் நமக்கு எந்தக் கோபமும் கிடையாது தோழர்களே. அதை நம்மைப் போன்ற ஒருத்தியும் வளர்த்திருக்கிறாள்.

நம் ஊருக்கு வருவோம். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. அரக்கோணத்துப் பிள்ளை அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து சொல் எடுத்து அதை எழுதினார். தீயோடு சேர்ந்து பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். உலகமே கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இந்தப் பாட்டைச் சொல்லி அட்டைப்படம் போட்டபோது அறிவு அதில் இல்லை. பலரும் கேள்வி கேட்ட பிறகு அவருக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லை. மெட்டும் சொல்லும் தன் உழைப்பு என்று அவர் எழுதினார். மற்ற இருவரும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் எங்கள் யாருக்கும் இதுவரை ஒரு பைசா வரவில்லை என்றார். பேர் உள்ள, சட்டம் தெரிந்த, ஊரறிந்த கலைஞர்களுக்கே நிலைமை இது. அப்படியானால் பேரை அழித்துவிட்டு எடுத்துப்போன பாட்டுகளின் கணக்கை யார் பார்ப்பது?

கல்வராயன் மலைக்குக் கச்சிராயபாளையம் தாண்டி ஏறிப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அருவி பார்க்கிறார்கள், ‘மலைமக்கள் பாட்டு’ என்று வீடியோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த மலையாளிப் பழங்குடிச் சனம் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்கள். அந்த ஜாகீர் ஆட்சி முடிந்தது 1976இல்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்கிற அவர்கள் கதை அவர்கள் வாயில்தான் உயிரோடு இருக்கிறது. அவர்கள் நாமல்ல, அவர்களுக்காக நாம் பேசிவிட முடியாது. ஆனால் மேலே அவர்களுக்கும் கீழே நமக்கும் நடப்பது ஒன்றுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பாலும் தினக்கூலிச் சனம். மலைக்குச் ‘சாராய மலை’ என்று பேர் வைத்தார்கள். அடுத்த மாதமே மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. செய்திக்காரர்களுக்கு வேண்டியது எண்ணிக்கையும் கண்ணீரும். ஒப்பாரி அவர்களுக்குப் பின்னணிச் சத்தம். அந்தப் பெண்கள் கட்டியதுதான் அந்த மாதம் இந்த மாவட்டத்தில் பிறந்த புதிய பாட்டு. எந்தப் பட்டியலில் அது வரும்?

நம் ஆட்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கே.ஏ. குணசேகரன் இன்குலாபின் ‘மனுசங்கடா’வை மேடை மேடையாகக் கொண்டுபோனார், அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் கிடாரையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதில் பாடிய இசைவாணியை 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அதே இசைவாணி 2018இல் பாடிய ‘ஐ ஆம் சாரி அய்யப்பா’வை 2024 நவம்பரில் தோண்டியெடுத்து மிரட்டினார்கள். சோகம் பாடினால் ‘மண்ணின் குரல்’. கேள்வி கேட்டால் மிரட்டல். புதிய குரலைத் தேடுகிறோம் என்கிறவர்கள் அன்றைக்கு அவர் பக்கம் நின்றார்களா என்று பார்த்தால் போதும், தேடலின் யோக்கியதை தெரிந்துவிடும்.

நம் மேடைகளுக்கும் ஒரு வார்த்தை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் போராட்டம். நம் விழாவுக்கு நாமே எடுத்து அடிப்பதும் போராட்டம். அடிக்கச் சொல்வது யார், கூலி என்ன என்பதுதான் வித்தியாசம். ஆனால் அந்த மேடையில் ஆண்கள் பேர் மைக்கில் வருகிறது, பெண்கள் கட்டின பாட்டு ‘கிராமத்துப் பாட்டு’ என்று அறிவிக்கப்படுகிறது. வெளியே கேட்பதை உள்ளேயும் கேட்க வேண்டும்.

பாட்டு தேடி வருகிறவர்களே, வாங்க. கேளுங்க. முதல் கேள்வி ‘இது யாரு கட்டுனது?’ என்று இருக்கட்டும். “நீங்க” என்று பேசுங்கள். பேரை முதல் வரியில் போடுங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் பங்கு எவ்வளவு என்று தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். பாட்டில் உள்ள எந்தப் பேரையும் அழிக்காதீர்கள். பல்கலைக்கழகங்கள் ‘தகவலாளி’யை அடித்துவிட்டு ‘ஆசிரியர்’ என்று எழுதட்டும். நம் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. ஆயா பாடும்போது அதை ஓடவிடுங்கள், முதலில் அவள் பேரையும் தேதியையும் ஊரையும் அவள் வாயாலேயே சொல்லவையுங்கள். அதற்குப் பிறகு எவன் வேண்டுமானாலும் வந்து கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.