முந்திரிக்கொத்தா? தூக்குக்கயிறா?

நாகர்கோவிலிலே பேருந்தேறித் திருவனந்தபுரத்திலே விமானம் பிடிக்கும் தோழன், பெட்டியிலே என்னென்ன வைக்கிறான்? தாய் செய்து தந்த முந்திரிக்கொத்து, இரண்டு சில்லுக் கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு. பெட்டியைப் பூட்டும் நேரத்திலே தெருக்கோடி வீட்டார் ஓடிவருகிறார்: "மக்கா, எம் மருமவன் அங்கதான நிக்கான். இத மட்டும் குடுத்திருடே!"

மறுக்க மனம் வருமா? வராது. அந்த நல்ல மனத்தைத்தான் நயவஞ்சகர் சிலர் நம்பியிருக்கிறார்கள்.

2019 ஜூலையில் கத்தார் சென்றனர் மும்பையைச் சேர்ந்த ஓர் இளந்தம்பதியர். பயணச் செலவை ஏற்ற உறவுக்காரப் பெண்மணி பொட்டலமொன்றும் கொடுத்தனுப்பினார். தோகாவிலே பிரித்தால் உள்ளே 4 கிலோவுக்கு மேல் கஞ்சாப் பிசின்! பத்தாண்டுச் சிறை என்றது தீர்ப்பு. குழந்தை பிறந்ததும் சிறையிலேதான். உண்மை வெளிப்பட்டு அவர்கள் ஊர் திரும்பியது 2021-ல்.

அவர்களுக்காவது மீட்சி கிடைத்தது. சிங்கப்பூர்ச் சட்டமோ, "பொருள் உன்னிடம் இருந்ததா? அப்படியானால் அது இன்னதென்று அறிந்தவனும் நீயே, இல்லையென்றால் நீயே மெய்ப்பித்துக் காட்டு" என்கிறது. நம் நாட்டிலே 1 கிலோ வரை கஞ்சா 'சிறிய அளவு'. குற்றந்தான், ஓராண்டு வரை சிறையுண்டு. அங்கே 500 கிராமைத் தாண்டிக் கடத்தினால் தூக்கு!

தங்கராஜூ சுப்பையா என்ற 46 வயதுத் தமிழரை 2023 ஏப்ரல் 26 அன்று அங்கே தூக்கிலிட்டார்கள். கஞ்சா 1,017.9 கிராம். அதை அவர் கையால் தொட்டதில்லை. கைபேசி எண்கள் இரண்டை அவருடையவையென்று கொண்டு, கடத்தலுக்கு உடந்தை என்றனர். விசாரணையிலே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தமிழ் ஆட்சிமொழியாக வீற்றிருக்கும் நாடு, ஐயா, சிங்கப்பூர்!

மலேசியா 2023-ல் கட்டாயத் தூக்கை நீக்கியது. ஆனால் தூக்கையே நீக்கிவிடவில்லை, நீதிபதி விரும்பினால் விதிக்கலாம். கனடாவிலோ 2018 முதல் அதே இலை கடைச்சரக்கு! செருமனியிலே 2024 முதல் வயதுவந்தவர் 25 கிராம் வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்தது. 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டுமென்று பாதி மூடியது. போன ஆண்டு போய்வந்த நண்பன் சொன்னதை நம்பிப் புறப்படுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கஞ்சா கிடக்கட்டும், நம் வீட்டுக் குருமாவிலே அரைக்கிற கசகசா கூட அமீரகத்திலே தடைப்பட்ட சரக்கு!

ஆகவே, பிறர் பொட்டலத்தை அவர் கண்முன்னே பிரித்துப் பாருங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிடிபட்டால், புரியாத மொழித் தாளிலே கையெழுத்திடாதீர், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். அது 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தந்த உரிமை.

இதையெல்லாம் பாட்டாளிக்குப் புரியும் தமிழிலே அச்சிட்டு, கடவுச்சீட்டோடு சேர்த்து ஒரு தாளாகக் கொடுத்தால் ஒன்றிய அரசின் கருவூலம் காலியாகிவிடுமா? கேட்கிறோம்.