வரிசைப் பட்டியலுக்கு எட்டாத ஊர்கள்

அமெரிக்கக் கால்பந்துக்குப் பள்ளி வீரர்களைத் தேடும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் முதலில் போவது டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா, ஜார்ஜியாவுக்குத்தான். பெரிய மக்கள்தொகை, குளிர்காலத்திலும் ஆடத்தக்க வெயில், தாராளமான பணம் எல்லாம் அங்கே உண்டு. டெக்சாஸின் ஆலன் நகரில் உயர்நிலைப் பள்ளி அணிக்கென்றே 6 கோடி டாலர் செலவில் 18,000 இருக்கை மைதானம் 2012-இல் திறக்கப்பட்டது.

பணம் மட்டும் வீரனை உருவாக்குவதில்லை. புளோரிடாவின் கரும்புத் தோட்ட ஊர்களான பெல் கிளேடும் பஹோக்கியும் வறுமைக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தொழில்முறை வீரர்களைத் தந்துவருகின்றன. பென்சில்வேனியாவின் அலிகுவிப்பா, எஃகு ஆலை ஓய்ந்த பிறகும் தொழில்முறை வீரர் டாரெல் ரெவிஸைத் தந்தது.

முன்னணி மாநிலத்துக்குள்ளேயே கவனம் சீராகப் பரவவில்லை என்பதே நம்மை உறுத்துகிறது. கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் வளர்ந்த ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது எந்த முதல்நிலைக் கல்லூரியும் உதவித்தொகை தரவில்லை. இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, வயோமிங் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2018-இல் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் வீரர் தேர்வில் 7-ஆவது வீரராக எடுக்கப்பட்டார்.

கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் வீரர்களுக்கு இப்போது கிராக்கி கூடியிருப்பதால், பள்ளி மாணவர்களுக்கான இடங்கள் சுருங்குகின்றன. ஆலனைப் போன்றோர் தவறவிடப்படாமலிருக்க, அதிக வீரர்களைத் தரும் மாநிலங்களின் வரிசையையும் பள்ளி வீரர்களுக்குத் தரப்படும் நட்சத்திர மதிப்பீட்டையும் நம்பியிராமல், சிற்றூர் மைதானங்களுக்குக் கல்லூரிகள் தங்கள் ஆட்களை நேரில் அனுப்ப வேண்டும்.