திபேத்தின் கண்ணீரும் ஒலிம்பிக்குத் தீச்சுடரும்

ஒருவன் நிலத்தைப் பறித்துக் கொண்டவன் அந் நிலத்திலேயே பந்தலிட்டு ஊருக்கு விருந்து வைத்தால், பறிகொடுத்தவனின் அழுகுரல் பந்தலுக்கு வெளியே கேட்டுக்கொண்டுதான் இருக்கும். உண்ணப் புகுவோர் "விருந்து வேறு, வழக்கு வேறு" என்பர். இலை முன் அமர்ந்தவனுக்கு அவ்வாறு சொல்வது எளிது. வெளியே நிற்பவனுக்கு அவ் விருந்தே வழக்கின் ஒரு பகுதி!

சீனா உலக விளையாட்டு விழாக்களை நடத்தும் போதெல்லாம் எழும் சிக்கல் இதுவே. 2008-இல் பெய்சிங்கில் கோடைக்கால ஒலிம்பிக்கு; 2022-இல் அதே நகரில் குளிர்கால ஒலிம்பிக்கு; 2023-இல் ஆங்சௌ நகரில் ஆசிய விளையாட்டு. திபேத்து மக்களின் உரிமையை முன்னிறுத்தி ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்னுங் குரல் 2008-இலும் 2022-இலும் உலகெங்கும் எழுந்தது. விழாக்களோ தடையின்றி நடந்தேறின. குரல் தோற்றது என்பது உண்மை. தோற்றதனால் அது பிழையான குரல் ஆகிவிடுமா? அல்லது அக் குரலை ஏற்பதுபோல் நடித்தவர்களால்தான் அது தோற்கடிக்கப் பெற்றதா? உணர்வுடையோர் ஆய்ந்து தெளிய வேண்டிய செய்தி இது.

திபேத்து இழந்தது யாது?

1950-ஆம் ஆண்டு அக்தோபரில் சீனப்படை திபேத்தினுள் புகுந்தது. 1951 மே 23 அன்று 17 கூறுகள் கொண்ட ஓர் ஒப்பந்தம் படைவலிமையின் நிழலில் எழுதப்பெற்றது. அதன் 9-ஆம் கூறு, திபேத்தியரின் பேச்சுமொழியும் எழுத்துமொழியும் பள்ளிக் கல்வியும் படிப்படியாக வளர்க்கப்பெறும் என உறுதி கூறியது. 1959 மார்ச்சில் இலாசாவில் எழுந்த மக்கள் கிளர்ச்சி நசுக்கப்பெற்றது. தலாய் இலாமா மலை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்.

மொழியை வளர்ப்போம் என்ற அவ் வுறுதிமொழி பின்னர் என்னாயிற்று? 2010 அக்தோபரில் இரெப்கோங்கு நகரில் பள்ளி மாணவர் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, சீனமொழியே பயிற்றுமொழியாக்கப் பெறுவதை எதிர்த்து முழங்கினர். தாசி வாங்சுக் என்னும் எளிய கடைக்காரர், திபேத்திய மொழிக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று 2015-இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றின் படச்சுருளில் பேசினார். எந்தப் படைக்கருவியும் அவர் ஏந்தவில்லை. சீன அரசமைப்புச் சட்டமே தரும் மொழியுரிமையைத்தான் கேட்டார். 2016 சனவரியில் சிறைப்படுத்தப்பெற்றார். பிரிவினையைத் தூண்டினார் என்று ஐந்தாண்டுச் சிறை! தாய்மொழி கேட்பது நாட்டைப் பிளப்பதாம்! ஏறத்தாழ 10 இலக்கம் திபேத்தியச் சிறார் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பெற்று, சீனமொழி வழியே கற்பிக்கும் உறைவிடப் பள்ளிகளில் அடைபட்டுள்ளனர் என்று ஒன்றிய நாடுகள் அவையின் மாந்தவுரிமை வல்லுநர்கள் 2023-இல் எச்சரித்தனர். மண்ணைப் பிடித்தவன் அடுத்துக் கைவைப்பது குழந்தையின் நாவில் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ் விழப்பின் மேல் எரிந்த சுடரைத்தான் ஒலிம்பிக்குச் சுடர் என்று உலகம் வணங்கியது.

"விளையாட்டில் அரசியல் கூடாது" என்னும் பொய்

புறக்கணிப்பை எதிர்ப்போர் முதலில் எடுக்குங் கேடயம் இது. இதனை உரக்கச் சொல்வது சீன அரசு. ஆனால் தைவான் அழைக்கப்பெற்றதை எதிர்த்து 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது யார்? சீனா! ஆப்கானித்தானில் உருசியப் படை புகுந்ததைக் கண்டித்து 1980-இல் மாசுகோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளுள் ஒன்று எது? அதே சீனா! தனக்கு வலித்தால் அரசியல். திபேத்தியனுக்கு வலித்தால் விளையாட்டோ?

சுடரோட்டம் என்பதே அரசியலின் பிள்ளை. பண்டைக் கிரேக்கத்திலிருந்து தொடர்ந்து வந்த வழக்கமன்று அது. இட்லரின் ஆட்சியில் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்காகத் தொடங்கப்பெற்றது. 2008-இல் அச் சுடர் எவரெசுட்டு முடிக்கு ஏற்றப்பெற்றது. மார்ச்சுக் கிளர்ச்சி அடக்கப்பெற்ற இலாசாத் தெருக்களின் வழியே சூன் 21 அன்று கொண்டு செல்லப்பெற்றது. அவ் விழா மேடையிலேயே, தலாய் இலாமா குழுவினரின் பிரிவினைச் சூழ்ச்சியை நொறுக்குவோம் என்னும் பொருள்பட முழங்கினார் திபேத்தை ஆண்ட கட்சித் தலைவர். இதற்கு அனைத்துநாட்டு ஒலிம்பிக்குக் குழு வருத்தம் தெரிவித்து மடல் எழுதியது. மடலோடு முடிந்தது அதன் அறச்சினம்!

அக் குழுவுக்கு அறத்தின் பெயரால் வினையாற்றத் தெரியாது என்பதுமில்லை. பெய்சிங் குளிர்கால விழா 2022 பிப்ரவரி 20 அன்று முடிந்தது. 24 அன்று உருசியப் படை உக்ரைனுள் புகுந்தது. 28 அன்றே, உருசிய விளையாட்டாளரைப் போட்டிகளில் சேர்க்கலாகாது என்று அதே குழு பரிந்துரைத்தது. நான்கு நாளில் ஒரு நாட்டுக்குப் பிறந்த அறம், எழுபது ஆண்டுகளாகியும் மற்றொரு நாட்டுக்குப் பிறவாதது ஏன்?

"விழா நடந்தால் கதவு திறக்கும்" என்னும் கனவு

இரண்டாம் கேடயம் இது. 2001-இல் மாசுகோவில் கூடிய ஒலிம்பிக்குக் குழு பெய்சிங்குக்கு விழாவை வழங்கிய போது, அதனால் சீனாவில் மாந்தவுரிமை வளரும் என்று கேட்டவர்களும் கொடுத்தவர்களும் கூறினர். வளர்ந்த கதையைக் காண்க. 2008-இல், எதிர்ப்பைத் தெரிவிப்பதற்கென்று பெய்சிங்கில் மூன்று பூங்காக்கள் ஒதுக்கப்பெற்றன. 77 வேண்டுகோள்கள் வந்ததாகச் சீன அரசின் செய்தி நிறுவனமே அறிவித்தது. இசைவளிக்கப் பெற்றது ஒன்றுகூட இல்லை! வேண்டுகோள் கொடுத்த முதிய பெண்மணிகள் இருவர்க்கு ஓராண்டு உழைப்புமுகாம் என்று ஆணை பிறந்தது. உலகம் நகைத்த பின்னரே அது திரும்பப் பெறப்பெற்றது.

விழா முடிந்த பின்னரோ? 2009 முதல் 150-க்கும் மேற்பட்ட திபேத்தியர் தம் உடலுக்குத் தாமே தீயிட்டுக் கொண்டனர். எந்த உயிரும் அவ்வாறு போகலாகாது. பேசும் வாயெல்லாம் அடைக்கப்பெற்ற நாட்டில்தான் அத்தகைய சாவுகள் நிகழ்கின்றன. இத்தனைக்குப் பின்னும் 2015-இல் கோலாலம்பூரில் கூடிய அதே குழு, 2022 விழாவையும் பெய்சிங்குக்கே தந்தது. கதவு திறந்திருந்தால் அதைக் காட்டலாம். திறவாத கதவுக்கு இரண்டாம் முறையும் மாலையிட்டவர்களை என்னென்பது?

"விளையாட்டாளரின் உழைப்பு என்னாவது?"

இது கேடயமன்று, மெய்யான வினா. பத்தாண்டு உடலை வருத்திய இளைஞனிடம் "போகாதே" என்று சொல்ல எவர்க்கும் வாய் கூசும். ஆயினும் இவ் விழப்பை ஏற்றவர் உண்டு. 1974-இல் டேவிசு கோப்பை வரிப்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியை இந்திய அணி எட்டியது. விசய் அமிர்தராசு, ஆனந்து அமிர்தராசு என்னும் சென்னை உடன்பிறப்புகள் அவ் வணியின் முதுகெலும்பு. எதிரே நின்றது நிறவெறித் தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அக் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. ஆனால் அந்த ஆண்டை நினைவுகூர்வோர் வென்றவரைப் போற்றுவதில்லை, மறுத்தவரையே போற்றுகின்றனர். 2008-இல் இந்தியக் கால்பந்து அணித்தலைவர் பைச்சுங் பூட்டியாவும், திபேத்தியர்பால் கொண்ட பரிவால் தில்லியில் சுடரேந்த மறுத்தார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இழப்பை விளையாட்டாளர் தலையில் மட்டும் ஏற்றுவதே தீது. அணிந்து கொள்ளும் சட்டைக்கும் காலணிக்கும் விளம்பரம் தருகின்ற பெருநிறுவனங்கள் இழக்கட்டும். ஒளிபரப்பில் பொருளீட்டுவோர் இழக்கட்டும். வணிக ஒப்பந்தம் எழுதும் அரசுகள் இழக்கட்டும். அவர்கள் எதனையும் இழக்க இசையாமையால்தான் விளையாட்டாளரின் கண்ணீரை முன்னே தள்ளி அதன் பின்னே ஒளிகின்றனர்.

"தலாய் இலாமாவே வேண்டாம் என்றாரே!"

ஆம், என்றார். 2008 ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கத் தாம் சொல்லவில்லை என்றும், அவ் விழாவை நடத்தும் தகுதி சீன மக்களுக்கு உண்டு என்றும் அவர் கூறினார். சீன மக்கள்பால் பகை பாராட்டாத அவ் வுள்ளம் போற்றத் தக்கது. ஆயினும் திபேத்து இளைஞர் பேரவை அதே ஆண்டில் புறக்கணிப்பைக் கோரியதும் உண்மை. அடிபட்டவன் பொறுப்பது அவன் பெருமை. பார்த்து நிற்பவன் அதைச் சாக்காக்கி வாளாவிருப்பது பெருமையாகாது. மேலும், புறக்கணிப்பு சீன மக்களுக்கு எதிரானதன்று. அந்த 77 வேண்டுகோள்களை எழுதியோரும் அம் மக்களே.

வெற்று நாற்காலியும் மெய்யான மறுப்பும்

"புறக்கணிப்பால் பயனில்லை" என்போர் 1980-ஐக் காட்டுவர். அமெரிக்கா முன்னின்று 60-க்கும் மேற்பட்ட நாடுகள் மாசுகோவுக்குச் செல்லவில்லை. உருசியப் படை ஆப்கானித்தானை விட்டு நீங்கியதோ 1989-இல்தான். உண்மை. அது வல்லரசுகளின் பூசல். ஒரு விழாவோடு எழுந்து ஒரு விழாவோடு அடங்கியது. தென்னாப்பிரிக்காவைக் காண்க. 1964-இல் ஒலிம்பிக்குக் கதவு அடைபட்டது. 1970-இல் குழுவினின்றே நீக்கம். 1976-இல், தென்னாப்பிரிக்காவோடு ஆடிய நியூசிலாந்து இருக்கும் களத்தில் ஆடோம் என்று 20-க்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், மாண்ட்ரியலை விட்டு வெளியேறின. 1992-இல்தான் கதவு மீண்டும் திறந்தது. 28 ஆண்டுகள்! நிறவெறியை விளையாட்டு மறுப்பு மட்டுமே வீழ்த்தவில்லை. ஆனால் "நாங்களும் உங்களுள் ஒருவர்" என்னும் பெருமிதத்தை அது அவ் வாட்சியாளரிடமிருந்து பறித்தது. ஒடுக்கப்பட்டோர் பெயரால், விளையாட்டுக் களத்திலேயே, இடைவிடாது செய்யப்பெற்ற மறுப்பு அது. அதனால் வென்றது.

திபேத்துக்குக் கிடைத்தது என்ன? 2008-இல் பிரஞ்சுக் குடியரசுத் தலைவர் சர்கோசி போகாமலும் இருக்கக்கூடும் என்று மிரட்டினார். தொடக்க விழாவில் போய் அமர்ந்தார். 2022-இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆத்திரேலியாவும் கனடாவும் அலுவலரை அனுப்பவில்லை, விளையாட்டாளரை அனுப்பின. இந்தியாவும் அவ்வாறே செய்தது. ஆனால் திபேத்துக்காக அன்று! 2020 சூனில் 20 இந்தியப் படைமறவர் மாண்ட கல்வான் மோதலில் பங்கேற்ற சீனப் படைத்தலைவனிடம் சுடரைக் கொடுத்தமையால்! அச் சினம் முறையானதே. எனினும் அறிவிப்பில் திபேத்து என்னும் சொல் இல்லை.

2023-இல் நடந்ததோ இதனினும் இழிவு. அருணாசல மாநிலத்தைத் 'தென் திபேத்து' என உரிமை கொண்டாடும் சீனா, அம் மாநில வூசூ விளையாட்டுப் பெண்கள் மூவர்க்கு முறையான நுழைவிசைவு தரவில்லை. சூலையில் செங்டூ பல்கலைக்கழக விளையாட்டுக்கு இந்திய வூசூ அணி முழுதும் செல்லாது நின்றது. அது மானமுள்ள செயல். செப்டம்பரில் ஆங்சௌ ஆசிய விளையாட்டுக்கோ, அமைச்சர் ஒருவர் மட்டும் தம் செலவை நிறுத்திக் கொண்டார். அம் மூன்று பெண்களை வீட்டில் விட்டுவிட்டு அணி சென்றது. 107 பதக்கங்கள் என்று நாடு கொண்டாடிற்று. இரண்டே மாதத்தில் மானம் நாற்காலி அளவுக்குச் சுருங்கியது!

ஆகவே முடிபு இது: புறக்கணிக்க வேண்டும், ஆனால் புறக்கணிப்பு என்னும் பெயருக்குத் தகப் புறக்கணிக்க வேண்டும். விழாவை வழங்கும் நாளிலேயே மறுப்பு எழ வேண்டும். பந்தல் போட்ட பின் எழுப்புங் கூச்சல் காலங்கடந்தது. ஒருவரைத் தடுத்தால் அணியே நிற்க வேண்டும். மறுப்பின் கரணியமாகத் திபேத்தின் பெயர் வெளிப்படையாகச் சொல்லப்பெற வேண்டும். ஒரு விழாவோடு அது முடியலாகாது.

தாய்மொழிக்காக 1965-இல் தெருவுக்கு வந்த மாணவரைக் கண்ட தமிழ்மண்ணுக்கு, 2010-இல் இரெப்கோங்குத் தெருவுக்கு வந்த மாணவரின் முழக்கம் அயல்மொழியாகக் கேட்க வழியில்லை. அடுத்த சுடர் எந்த நாட்டில் ஏற்றப்பெறினும், அது யாருடைய கூரையின் மேல் எரிகின்றது என்று முதலில் கேளுங்கள். கைதட்டுவதைப் பின்னர்ப் பார்த்துக் கொள்ளலாம்.