கோகோ விவசாயிக்கு உரிய விலை

கானாவின் கிராமங்களில் கோகோ காயை வெட்டுக்கத்தியால் பிளந்து, வெள்ளைச் சதையோடு விதைகளை அள்ளி வாழை இலையில் மூடி வைக்கிறார்கள். ஆறேழு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் உலர்த்தினால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். அந்த மணத்தை உண்டாக்குகிறவர்களில் பலருக்குச் சாக்லேட் வாங்கித் தின்ன வசதியில்லை.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைகிறது. பக்கத்துப் பக்கத்து நாடுகளான இவை 2019-ல் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் கூடுதல் விலை கேட்டன. 2020-21 பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தது. கோகோ வாங்கும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆனால், தரத்துக்காகத் தந்துவந்த வேறொரு கூடுதல் தொகை அதே வேகத்தில் சரிந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இந்த வேலை அநியாயம்.

கிராமத்துக்குச் சாலையாக, பள்ளிக்கூடமாக, குடிநீராக மாற வேண்டிய பணம் அது. நன்கொடை பிறகு இருக்கட்டும். முதலில் நியாயமான விலை வேண்டும். வாங்கும் நாடுகள் அதைச் சட்டத்தால் உறுதி செய்ய வேண்டும். அந்த 400 டாலர் இடைத்தரகரிடம் தேங்காமல் விவசாயியின் வீடுவரை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இரு ஆப்பிரிக்க அரசுகளும் ஊர்வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.