முன்பணம் யாருடைய பணம்?

சென்னை நகரில் குடிக்கூலிக்கு வீடு தேடிச் செல்லுகிறவரிடம் வீட்டுக்காரர் விசாரிக்கும் முதல் விஷயம் அவருடைய பெயருமல்ல, ஊருமல்ல. முன்பணம் எவ்வளவு தர முடியும் என்பதுதான். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்நகரில் நெடுங்காலமாய் வழக்கமாகி விட்டது. மாத வாடகை ரூ. 15,000 என்றால் முன்பணம் ரூ. 1,50,000. ஒரு குமாஸ்தாவோ, பள்ளி உபாத்தியாயரோ, கம்பெனிச் சிப்பந்தியோ இத்தொகையை எங்கிருந்து கொண்டு வருவார்? வீட்டிலுள்ள நகை அடகுக் கடைக்குப் போகும். அல்லது வட்டிக்குக் கடன் பிறக்கும். வட்டி கட்டுகிறவர் குடியிருப்பவர், பணத்தை அனுபவிக்கிறவர் வீட்டுக்காரர். இவ்வளவும் கொடுத்துக் குடியேறியவர் அதைத் திரும்பக் கேட்கிற நாளில்தான் உண்மையான வழக்கு ஆரம்பமாகிறது.

இவ்விஷயத்தில் சட்டமே இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. உலக யுத்தத்தின் நடுவே, 1941-இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. பின்னர் 1946-லும், 1949-லும், 1960-லும் சட்டங்கள் வந்தன. 1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாதென்று திட்டமாகக் கூறியது. அந்தச் சட்டம் உயிரோடிருந்த காலத்திலேயே பத்து மாத முன்பணம் பகிரங்கமாய்க் கை மாறிற்று. சட்டத்திற்கு விரோதமாய் வாங்கிய அதிகப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வாடகை பாக்கியென்று குடியிருப்பவரை வெளியேற்ற வழக்காடிய வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். 1996-இல் சுப்ரீம் கோர்ட், அதிகமாய் வாங்கிய முன்பணத்தைப் பாக்கிக்கு ஈடாகக் கழித்துக்கொள்ள வேண்டுமேயன்றி, வேண்டுமென்றே வாடகை கட்டத் தவறினாரென்று குடியிருப்பவரைப் பழிக்க இடமில்லையென்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் சுப்ரீம் கோர்ட் வரையில் போய் வருவதற்கு ஒரு சாதாரணக் குடும்பத்திற்கு எத்தனை முன்பணம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை புதிய சட்டமொன்றை இயற்றியது. 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி அது அமுலுக்கு வந்தது. அதன் 11-வது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டுமென்றும் கூறுகிறது. இதைப் படித்தவுடன் மனம் குளிர்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் தலைவாசலிலேயே ஒரு விதிவிலக்கும் உட்கார்ந்திருக்கிறது: வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி என்பது அதன் பொருள். ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார்? வீட்டுக்காரர். கையெழுத்திட மறுத்தால் வீடு கிடைக்காமல் தெருவில் நிற்கிறவர் யார்? குடிவர வந்தவர். அப்படியிருக்க, மூன்று மாதமென்ற வரம்பு யாரைக் கட்டுப்படுத்தும்? பூட்டைச் செய்து மாட்டி, சாவியையும் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டதற்கு இது சமானம்.

மத்திய சர்க்கார் 2021-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் இந்த ஓட்டை இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம், மற்றக் கட்டிடங்களுக்கு ஆறு மாதம் என்று அது வரையறுத்தது. வீட்டின் சுவாதீனத்தை ஒப்புக்கொள்ளும் அதே நாளில் முன்பணத்தைத் தந்துவிட வேண்டுமென்றும் விதித்தது. அதை ஏற்பது ராஜ்ய சர்க்கார்களின் இஷ்டத்திற்கு விடப்பட்டது.

தகராறு வளருவதற்குக் காரணம் வீட்டுக்காரரின் துர்க்குணம் மட்டுமல்ல. முன்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீட்டுக்காரர் அரிதிலும் அரிது. மகளின் கல்யாணத்திலோ, மாடி கட்டுவதிலோ அது கரைந்துவிடுகிறது. ஆகவே அடுத்து வருகிறவர் தரும் முன்பணத்திலிருந்துதான் முன்னவருக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அடுத்தவர் வர மூன்று மாதமானால் முன்னவரும் மூன்று மாதம் நடக்க வேண்டியதுதான். அதற்குள் அவரோ புதிய வீட்டுக்கு வேறொரு முன்பணமும் தரகர் கூலியும் கொடுத்தாக வேண்டும். இந்தச் சங்கிலியை அறிந்த சிலர் கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்திவிட்டு, “முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் பதிலுக்குத் தண்ணீரை நிறுத்துகிறார், மின்சாரத்தைத் துண்டிக்கிறார். இது 2017-ஆம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாய்த் தடுக்கும் காரியம். இதனால் இரண்டு தரப்பும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதும் உண்டு.

பிடித்தம் என்கிற கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை என்பது எழுதாத சட்டமாகவே நடந்து வருகிறது. ஒரு வருஷம் குடியிருந்தாலும் ஒரு மாதம். எட்டு வருஷம் குடியிருந்தாலும் ஒரு மாதம். வெள்ளையடித்தார்களா, இல்லையா என்று பார்ப்பவர் யார்? 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, வீட்டை வாங்கினபோதிருந்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டுமென்று சொல்லிவிட்டு, நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானத்திற்கு விலக்களிக்கிறது. சுவர் மங்குவது தேய்மானமேயன்றிச் சேதமல்ல. மேலே சொன்ன மாதிரிச் சட்டத்தின் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டுக்காரரின் கடமையாகவே குறித்திருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள்தாம் குடியிருப்பவருடையவை.

கெடு முடியுமுன் காலி செய்தால் முன்பணம் முழுவதும் போய்விடும் என்று சிலர் பத்திரத்தில் எழுதி வாங்குகிறார்கள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவைப் படித்த எந்த வக்கீலும் இதைக் கேட்டு நகைப்பார். பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈடு மட்டுமே கிடைக்கும்.

இனி, பதினோரு மாதப் பத்திரம். ஒரு வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டுமென்ற பழைய விதிக்குப் பயந்து பிறந்த தந்திரம் இது. 2017-ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பிறகு இந்தத் தந்திரத்திற்குப் பிரயோஜனமில்லை. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்திலிருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வருமான வரிக்குப் பயந்து எழுதப் பின்வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே என்பது உலகமறிந்த ரகசியம். ஆனால் அதே சட்டத்தின் 21-வது பிரிவு, இரு தரப்பும் எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாய் வைத்திருக்கிறது. தவறு ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு! இதை இயற்றிய சட்ட நிபுணர்களின் கண்ணுக்கு இந்த அநியாயம் தென்படாமற் போனதேன் என்று நாம் கேட்கிறோம்.

வீட்டுக்காரர் கட்சியிலும் நியாயமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரே வீட்டின் வாடகையை நம்பிப் பிழைக்கும் பென்ஷன்காரர்களையும் விதவைகளையும் நாம் அறிவோம். பழைய சட்டத்தின் கீழ் அற்ப வாடகைக்கு முப்பது வருஷம் உட்கார்ந்துகொண்டு, சொந்தக்காரரின் பேரன் குடியேறவும் வழிவிடாத பேர்வழிகளும் இருந்தார்கள். அந்தப் பயம்தான் பத்து மாத முன்பணமாய் உருவெடுத்தது. காலி செய்ய மறுப்பவரைச் சீக்கிரம் வெளியேற்ற வழி வேண்டும். அதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. அந்த வழி கிடைத்த பிறகும் ஜாமீன் என்ற பெயரால் பிறர் பணத்தை வட்டியின்றி அனுபவிப்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், குறுகிய காலக் குத்தகைக்கு வாங்கும் முன்பணத்தை வீட்டுக்காரர் தம் இஷ்டம்போல் வைத்துக்கொள்ள முடியாதென்று ஆக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற பாதுகாப்பு நிதியில் அதைச் சேர்க்க வேண்டும், அல்லது அதற்கு இன்ஷியூரன்ஸ் செய்ய வேண்டும். தவறினால் முன்பணத்தைப் போல் மூன்று பங்கு வரை அபராதம். 2019-இல், சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கலாகாதென்றும் விதித்தார்கள். 1882-ஆம் வருஷத்து ஆங்கிலேயர் சட்டத்தை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கும் நாம், அவர்கள் தங்கள் ஜனங்களுக்குச் செய்துகொண்ட நல்லதை மட்டும் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை?

சட்டசபை செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. 11-வது பிரிவிலிருந்து அந்த விதிவிலக்கை எடுத்துவிட வேண்டும். முன்பணத்தை இருவர் பெயரிலும் பாங்கியில் போட்டு, காலி செய்யும் நாளில் வாடகை அதிகாரியின் உத்தரவின்மேல் பிரித்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தத்திற்கு வீட்டுக்காரர் மறுத்தாரென்று ருசுவானால், அந்தக் காரணம் காட்டி அவர் வெளியேற்ற வழக்குத் தொடுக்க முடியாதென்று 21-வது பிரிவைத் திருத்த வேண்டும். அது வரையில், வட்டாரந்தோறும் ஜன சேவை செய்யும் நம் ஊழியர்கள் ஒரு வேலை செய்யலாம். வீடு மாறுகிறவர் குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், மின்சார மீட்டர் ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்துப் பட்டியலெழுதி, இரு தரப்பும் கையொப்பமிடச் செய்யட்டும்; முன்பணத்தை ரொக்கமாய்க் கொடுக்காமல் பாங்கி மூலமாகவே செலுத்தச் சொல்லட்டும்.

வருகிற கூட்டத் தொடரில் இத்திருத்தங்களைப் பிரேரணையாகக் கொண்டுவர எந்த அங்கத்தினர் முன்வரப் போகிறார் என்பதைக் கவனித்திருப்போம். அவர் எக்கட்சியினராயினும் இப்பத்திரிகையின் ஆதரவு அவருக்கு உண்டு.