மலைப்பாதை வளைவில் சைக்கிள் சறுக்குவது ஏன்? பிரேக் எப்போ பிடிக்கணும்?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆபத்து இறங்கும்போதுதான். ஏன்?

ஓடும் சைக்கிள் நேராகப் போகவே பார்க்கும். அதை உள்பக்கமாகத் திருப்புவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வு விசைதான். வெளிப்பக்கம் யாரோ தள்ளுவது போலத் தோன்றும். உண்மையில் யாரும் தள்ளுவதில்லை. உராய்வு சக்கரத்தை உள்ளே இழுக்கும்போது ஆள் வெளியே கவிழாமல் இருக்கத்தான் உடலைச் சாய்க்கிறோம்.

10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்ப, சைக்கிளும் ஆளும் சேர்ந்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விசை போதும். 40 கி.மீ. என்றால்? இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தேவை. அது மொத்த எடையையே தாண்டிவிடும். காய்ந்த ரோட்டில்கூட சாதாரண டயருக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. மணலோ ஈரமோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால், இருக்கிற பிடிப்பில் அதுவும் பங்கு கேட்கும். திரும்புவதற்கு மிச்சம் போதாமல் சக்கரம் வழுக்கும். அதனால வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க!