அக்கி எங்கிருந்து வந்தது?

வீட்டில் முதியவருக்கு அக்கி கண்டால், "யாரிடமிருந்து தொற்றியதோ?" என்று விசாரிப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். யாரிடமிருந்தும் அன்று! பால்யத்தில் சின்னம்மையாக வந்த ஹெர்ப்பீஸ் குலத்துக் கிருமியே நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, சரீர பலம் குன்றும்போது அக்கியாகக் கிளம்புகிறது. ஒரே நோயாளிக்கு முன்பு கண்ட சின்னம்மையிலும் பின்பு கண்ட அக்கியிலும் இருந்தது ஒரே கிருமிதான் என்று 1984-இல் அமெரிக்க நிபுணர்கள் அதன் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு ருசுப்படுத்தினர். 1986-இல் கிளாஸ்கோவில் டேவிசன், ஸ்காட் இருவரும் அதன் மரபெழுத்துக்கள் சுமார் 1,25,000-ஐயும் வரிசையாகப் படித்து வெளியிட்டனர். அவ்வெழுத்துக்களிலுள்ள சிறு பேதங்களைக் கொண்டே, கொப்புளம் இயற்கைக் கிருமியாலா, தடுப்பூசிக் கிருமியாலா என்று இன்று பிரித்தறிகிறார்கள்.

ஆகையால் அண்டை வீட்டாரைப் பழிக்க வேண்டாம். ஆனால் கொப்புளங்கள் உலரும்வரை, அம்மை காணாத குழந்தையைப் பாட்டியின் மடியில் விடவும் வேண்டாம். பாட்டியின் அக்கி பேரனுக்குச் சின்னம்மையாகும்!